கல் இல்லாத இடத்தில் போட்ட குறி

எட்வின், நல்லபடியாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். நாங்கள்தான் இங்கே ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். போன சனிக்கிழமையிலிருந்து ஆறு முறை உனக்குப் போன் செய்தேன். ஒருமுறை எடுத்தாய், அதுவும் நான்கு நிமிஷம். மற்றபடி மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி வந்தது, சில நேரம் அதுவும் வரவில்லை. அதனால் காகிதம் எடுத்துவிட்டேன். இதை மூன்று பிரதி எழுதப் போகிறேன். ஒன்று உனக்கு. ஒன்று உன் அப்பாவுக்கு. இன்னொன்று கனகம்மாசத்திரத்தில் நீ கட்டிக்கொள்ளப் போகிற லாவண்யாவுக்கும், அவள் நைனா என்று கூப்பிடுகிற அவள் அப்பாவுக்கும். நீ இரண்டு வீட்டிலும் தனித்தனியாகப் பேசி வைத்திருக்கும் லட்சணத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தனித்தனியாகப் பேசுவதில் நம்பிக்கையே போய்விட்டது. எல்லோரும் ஒரே எழுத்தைப் படிக்கட்டும்.

கல்யாணத்துக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. நாம் கிறிஸ்தவர்கள், அவர்கள் வீட்டு நிலைக்கு மேலேயே பெருமாள் படம் மாட்டியிருக்கிறது. அப்படியிருந்தும் காலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு மண்டபத்தில் தாலி, சாப்பாடு என்று இரண்டு வீடும் சண்டை இல்லாமல் பேசி முடித்தோமே, அதை நினைத்து நான் எத்தனை நாள் ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன் தெரியுமா? மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. தாலி எப்படி இருக்க வேண்டும் என்பது. போன மாதம் நம் வீட்டுச் சமையலறையில் நீ தோசை தின்றுகொண்டிருந்தபோது கேட்டேன். "நம்ம வழக்கப்படி சிலுவை வச்சே செஞ்சிடலாமாடா?" என்றேன். "ஆங், செய்ங்கம்மா" என்றாய். அதற்கு இரண்டு வாரம் கழித்து லாவண்யாவின் நைனா உன்னைக் கேட்டிருக்கிறார். அவர்கள் வழக்கத்தில் தாலி என்றால் தங்கத்தில் இரண்டு வட்டப் பொட்டு, தாய்வீட்டுக்கு ஒன்று, புகுந்த வீட்டுக்கு ஒன்று. அவரிடமும் "செய்ங்க மாமா, எனக்கு ஓகே" என்றிருக்கிறாய். அவர் கேட்டதை எங்களிடம் சொல்லவில்லை, நாங்கள் கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டு ரயிலேறிப் போய்விட்டாய்.

அதன் பலனை நாங்கள் போன சனிக்கிழமை காலை கடைத்தெருவில் அனுபவித்தோம். திருத்தணியில் பழக்கமான நகைக்கடை என்று எத்தனை இருக்கிறது? நாங்கள் கொடுத்த அதே கடையில்தான் அவரும் கொடுத்திருக்கிறார். நானும் அப்பாவும் உள்ளே போகிறோம், உன் வருங்கால மாமனார் அங்கே முக்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். உரக்கடையைப் பூட்டிவிட்டு வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தாராம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைக்காரர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு தட்டில் சிவப்புத் துணியை விரித்து, இந்தப் பக்கம் சிலுவை போட்ட தாலியையும் அந்தப் பக்கம் இரண்டு வட்டப் பொட்டையும் வைத்தார்.

"அம்மா, கோச்சிக்காதீங்க. மாப்பிள்ளை பேரு எட்வின், பொண்ணு லாவண்யா. ரெண்டு ஆர்டர்லயும் அதே பேருதான் எழுதி இருக்குது. இதுல எதைங்க நான் முடிக்கிறது?" என்றார்.

லாவண்யாவின் நைனா டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க பையன்தாங்க என்கிட்ட சொன்னாரு, செய்ங்க மாமான்னு. இப்போ நீங்க பின்னாடி வந்து சிலுவை போட்டுகினு இருக்கீங்க. படிச்சவங்க பண்ற வேலையாங்க இது?" என்றார். உன் அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "யாருங்க பின்னாடி வந்தது? எங்க வீட்ல உக்காந்து தோசை துன்னுகினே அவன் ஆங்னு சொல்லி ஒரு மாசம் ஆவுது. நீங்கதான் அவனைத் தனியா புடிச்சி மனசை மாத்தி இருக்கீங்க" என்றார். "நான் மாத்துனேனா? பொண்ணைக் குடுக்கிறவன்னா இன்னா வேணா பேசுவீங்களா?" என்று அவர் எழுந்துவிட்டார். கடையில் கொலுசு பார்க்க வந்திருந்த இரண்டு பெண்கள் கொலுசை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் ஒருவரிடமும் குரல் உயர்த்தாத மனிதர் உன் அப்பா. அன்று தெரு வரைக்கும் கேட்கக் கத்தினார்.

அன்று மாலை நீ எடுத்த அந்த ஒரே போனில் நான் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். நீ கொட்டாவி விட்டது எனக்குக் கேட்டது. "அதெல்லாம் வெறும் சிம்பல்தானேம்மா, எது இருந்தா என்ன? அவங்க இதுக்குச் சரின்னு சொல்லட்டும், நீங்க அதுக்குச் சரின்னு சொல்லிடுங்க, ரெண்டையும் கோத்துக் கட்டிட்டா போச்சு" என்றாய். வெறும் சிம்பல்! டேய், நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? போனில் அழுத்துகிற சின்னச் சின்னப் படங்களை வரைகிறவன் நீ. போன வருஷம் ஒரு பொருளை வேண்டாம் என்று நீக்குவதற்குக் குப்பைத் தொட்டி போடுவதா, பெருக்கல் குறி போடுவதா என்று உங்கள் ஆபீசில் மூன்று வாரம் பேசினீர்கள் என்று நீயே சொன்னாய். பெருக்கல் குறி போட்டால் ஜன்னல் மூடும் என்று ஜனங்கள் நினைப்பார்களாம், தொட்டி போட்டால் எல்லாமே போய்விடும் என்று பயப்படுவார்களாம். "ஒரு ஐகான் தப்பா இருந்தா ஊரே தப்பா அழுத்தும்மா" என்று எனக்கு வகுப்பெடுத்தாய். யாரோ முகம் தெரியாதவன் தப்பாக அழுத்திவிடக் கூடாது என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொள்வாய். கூட வாழப்போகிறவள் கழுத்தில் ஏறப்போகிற குறியைப் பற்றி யோசிக்க உனக்கு மூன்று நிமிஷம் கிடைக்கவில்லை. இதை என்னவென்று சொல்வது?

குறி என்றால் என்ன என்று உனக்குச் சின்ன வயதில் இருந்த அறிவுகூட இப்போது இல்லை. நீ ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் கோபுரத்தைக் காட்டி, "நம்ம சர்ச்சு மேல ஏன் கூட்டல் போட்டிருக்காங்க?" என்று கேட்டாய். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் வெட்கத்தில் உன்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீ விடவில்லை. மருந்துக் கடையில் இருக்கிறது கூட்டலா என்றாய். டார்ச் லைட்டுக்குள் போடுகிற பேட்டரியில் இருக்கிறது கூட்டலா என்றாய். அதே இரண்டு கோடு எங்கே இருந்தால் என்ன சொல்கிறது என்று வழி நெடுக நச்சரித்தாய். முருகன் கோயில் மலையிலிருந்து மொட்டை போட்டுச் சந்தனம் பூசி இறங்கி வருகிறவர்களைப் பார்த்து, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாய். "வேண்டிகினது நடந்துடுச்சின்னு சொல்றாங்க" என்று அப்பா சொன்னார். "வாயாலயே சொல்லலாமே" என்றாய். அன்று எனக்கு அது துடுக்காகத் தெரிந்தது. இன்றைக்கு நீ வாயால் ஒன்றுமே சொல்லாமல் நழுவுவதைப் பார்க்கும்போது அந்த ஆறு வயதுப் பையனே தேவலை என்று இருக்கிறது.

உன் அப்பாவின் வேலையையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம். அவர் ரயிலின் கடைசிப் பெட்டியில் போகிற கார்டாக இருந்தவர். அரக்கோணம் பக்கம் எந்த வண்டி போனாலும் கடைசிப் பெட்டியின் முதுகில் மஞ்சளில் பெரிய பெருக்கல் குறி இருக்கும். நமக்கெல்லாம் பெருக்கல் குறி என்றால் தப்பு. பரீட்சைத் தாளில் அதைப் பார்த்தால் மார்க் போச்சு. ரயில்வேயில் அப்படி இல்லை. ஸ்டேஷனில் நிற்கிற ஆள் அதைப் பார்த்துவிட்டால் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று அர்த்தம். பார்க்கவில்லையென்றால் பின்னால் எங்கோ பெட்டி கழன்று தண்டவாளத்திலேயே நிற்கலாம், அடுத்த வண்டியை விடக் கூடாது. வண்டிக்குள் இருக்கும் ஆயிரம் பேருக்கும் அந்தக் குறி தெரியாது. ஆனால் ஒருத்தன் அதற்காகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். உன் அப்பா வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் ரயில்வே கேட்டில் நிற்கும்போது கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் ஸ்கூட்டரைக் கிளப்ப மாட்டார். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டார். "பூச்சா?" என்று நான் கேட்டால், "ஆங், பூச்சி. முழுசா பூச்சி" என்பார், வண்டி முழுசாகப் போய்விட்டது என்று. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்த மனிதர் எந்தக் குறியையும் வெறும் குறி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. உன் அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று பிரதி எழுதுவதால் இனி எல்லோருக்கும் தெரியப் போகிறது, தெரியட்டும். நான் நில அளவைப் பிரிவில் படம் வரைகிறவளாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். எந்த ஊர் அலுவலகம் என்று எழுதப் போவதில்லை, குற்றம் அலுவலகத்துடையது அல்ல, என்னுடையது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு படம் உண்டு. எல்லை எங்கே திரும்புகிறதோ அங்கே கல் நட்டிருப்பார்கள். படத்தில் அந்த இடத்தில் நான் ஒரு குறி போட வேண்டும். கிணறு இருந்தால் அதற்கு ஒரு குறி, மரத்துக்கு ஒன்று, வண்டிப்பாதைக்கு ஒன்று. அதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. அளக்கிறவர் நேரில் போய் அந்தக் கல்லைப் பார்த்து எழுதியிருந்தால்தான் நான் குறி போடலாம். பார்க்கவில்லையென்றால் கல் இல்லை என்று எழுதி, திரும்ப நிலத்துக்கே அனுப்ப வேண்டும்.

ஒருநாள் ஒரு படம் அவசரம் என்று வந்தது. ஒரு மூலையில் அளந்தவர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். கல்லைக் கண்டாரா இல்லையா என்று எழுதவில்லை. திருப்பி அனுப்பினால் அவர் என்மேல் எரிந்து விழுவார். அனுப்பாமல் நேரம் கடத்தினால் மேலே இருப்பவர் எரிந்து விழுவார். எனக்கு அன்றைக்கு நீ வயிற்றில் ஐந்து மாதம். யாரிடமும் திட்டு வாங்கத் தெம்பில்லை. மற்ற மூன்று மூலையிலும் கல் இருக்கிறது, நான்காவதிலும் இருக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மையைத் தொட்டுக் கல் இருப்பதாகக் குறியைப் போட்டுவிட்டேன். எல்லோருக்கும் திருப்தி. மேலே இருப்பவர் சுத்தமான வேலை என்று பாராட்டினார். வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு விவசாயி அந்தப் படத்தின் நகலை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். படத்தில் என் கையெழுத்து இருந்ததால் என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். "அம்மா, இங்க கல்லு இருக்குதுன்னு போட்டு இருக்கீங்க. நானும் என் தம்பியும் ஒரு கோடை முழுக்கத் தோண்டிப் பார்த்துட்டோம். இல்லைங்க. நான்தான் புடுங்கிட்டேன்னு தம்பி சொல்றான். நான் புடுங்கலம்மா. எங்க அப்பா மேல சத்தியமா புடுங்கல. படத்துல இருக்குதே, அது எங்க பூச்சின்னு கேக்கிறான். நான் இன்னா பதில் சொல்றது?" என்றார். ஐம்பது வயது மனிதர், என் முன்னால் நின்று அழுதார். அந்தக் கல் எப்போதுமே அங்கே இல்லாமல் இருந்திருக்கலாம். நான் வாயைத் திறந்து, "தப்பு என்னுடையது, நான் பார்க்காமல் போட்ட குறி அது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அதைத் தம்பியிடம் போய்ச் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். மறு அளவைக்கு மனு எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். அண்ணன் சாவுக்குத் தம்பி வரவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, எட்வின். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது புரிகிறதா நகைக்கடைச் சண்டையில் எனக்கு அந்த விவசாயி ஏன் ஞாபகம் வந்தார் என்று? உன் அப்பாவும் அவள் நைனாவும் ஒருவரை ஒருவர் பேச்சு மாறியவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருவருமே மாறவில்லை. இருவருமே நீ சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான். நீ உன் நிம்மதிக்காக இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு 'சரி'யைப் போட்டுவிட்டாய். அந்தச் சரிக்கு அடியில் ஒன்றும் இல்லை. இப்போது இரண்டு பெரிய மனிதர்கள், புடுங்கியது நீயா நானா என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கிறார்கள். திட்டு வாங்கப் பயந்து நான் செய்ததைத்தான் நீயும் செய்திருக்கிறாய். நான் பெற்ற பிள்ளை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு அன்று இருந்த சாக்குகூட உனக்கு இல்லை.

வெறும் சிம்பல் என்று நீ சொன்ன இந்தத் தாலிக்கு ஒரு கதை சொல்கிறேன், கேள். என் தாலியில் சிலுவையோடு ஒரு புறாவும் இருக்கும். தேய்ந்து தேய்ந்து இப்போது அது புறாவா கோழியா என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்களே, அப்போது ஆபரேஷன் தியேட்டருக்குள் போகுமுன் நர்ஸ் அதைக் கழற்றச் சொன்னார். இருபது வருஷத்தில் முதல் தடவை கழற்றினேன். உன் அப்பா அதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பைக்கு மேலே ஊக்கையும் குத்திக்கொண்டார். மூன்று நாள் அந்தச் சட்டையை மாற்றவில்லை. வராந்தாவிலேயே படுத்தார், நாற்றமடித்தது. வார்டுக்கு வந்த உன் சித்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமா, போய்க் குளிச்சிட்டாவது வாங்க" என்றாள். "அவ கண்ணு முழிச்சி இதைக் கேட்டான்னா நான் எங்க போய்த் தேடறது?" என்றார். தங்கத்தின் மேல் இருக்கும் புறாவில் என்ன இருக்கிறது என்று நீ கேட்டால் எனக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியாது. அழுக்குச் சட்டையோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதர்தான் எனக்கு அதன் அர்த்தம். அதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சரி, இவ்வளவு நேரம் உன்னைத் திட்டினேன். இனி என்னையும் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். நேற்றுக் காலை லாவண்யா வந்தாள். அரக்கோணத்தில் அவள் வேலை செய்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிற வழியில், பஸ்ஸை விட்டு இறங்கி நேராக நம் வீட்டுக்கு. காபி கொடுத்தேன், குடிக்கவில்லை. பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நகைக்கடைச் சண்டைக்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, நான் பெரிய மனுஷியாக, "பரவால்லம்மா, பெரியவங்க பேசிக்குவோம்" என்றேன்.

"அத்தை, நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோச்சிக்கக் கூடாது" என்றாள். "லேப்ல ரத்தம் எடுத்ததும் டியூப் மேல பேரு எழுதி, குரூப்புக்கு பிளஸ்ஸு, மைனஸ்ஸு மார்க் பண்ணுவோம். அந்தச் சின்னக் கோடு மாறிப் போனா ஒரு உசுரே போயிடும். அதனால எழுதறதுக்கு முன்னாடி அந்த ஆளு மூஞ்சப் பார்த்து, உங்க பேரு இன்னான்னு அவங்க வாயாலயே சொல்ல வைப்போம். சீட்டுல எழுதி இருந்தாலும் கேப்போம். தெரிஞ்சவங்களா இருந்தாலும் கேப்போம். அப்புறம்தான் எழுதுவோம். இங்க ஒரு மாசமா என் கழுத்துல இன்னா ஏறணும்னு நைனா பேசிகினு இருக்காரு, மாமா பேசிகினு இருக்காரு, நீங்க பேசறீங்க, நகைக்கடைக்காரரு கூடப் பேசறாரு. ஒருத்தர் கூட என் மூஞ்சப் பார்த்துக் கேக்கல அத்தை."

அவரையாவது கேட்டாயா என்றேன், உன்னைத்தான் சொன்னேன். "கேட்டேன். உனக்கு எது வசதியோன்னாரு. வசதியா? இன்னா அத்தை பேச்சு அது, சேரா, கட்டிலா?" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தாலி வேணாம்னு இல்ல அத்தை. வேணும். சிலுவையா, பொட்டா, ரெண்டும் இல்லாம வேற ஒண்ணான்னு நானும் அவரும் உக்காந்து பேசணும். பேசினதை அவரு தன் வாயால எங்க நைனா எதிர்லயும் மாமா எதிர்லயும் சொல்லணும். ரெண்டு பேரும் திட்டுவாங்க. திட்டட்டும். அந்தத் திட்டை அவரு வாங்கட்டும். அது கூட வாங்க மாட்டாருன்னா, நாளைக்கு வேற எதுக்கு என் பக்கம் நிப்பாரு?" என்றாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. காபி ஆறிப் போயிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்பதாகவும், அதற்கு மேல் நைனாவிடம் அவளே பேசிக் கல்யாணத்தை நிறுத்திவிடுவதாகவும் சொன்னாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவள் போனதும் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நானும் அவளைக் கேட்கவில்லையே! சிலுவை வேண்டும் என்று உன்னைக் கேட்டேன், போதகரைக் கேட்டேன், உன் அத்தைமாரைக் கேட்டேன். கட்டிக்கொள்ளப் போகிறவளைக் கேட்கத் தோன்றவே இல்லை. என் கல்யாணத்தில் என்னை யாரும் கேட்கவில்லை, அதனால் அது கேட்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அவள் கழுத்தில் சிலுவை இருந்தால்தான் அவள் நம் வீட்டுப் பெண் என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல், வழக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். சிலுவை எனக்குப் பெரியது. அதற்காகவே அதை விருப்பம் கேட்காமல் ஒருத்தி கழுத்தில் மாட்டக் கூடாது என்று இந்த வயதில் எனக்கு உறைத்தது. இன்று காலை கடைக்குப் போய் நாங்கள் கொடுத்த வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். உன் அப்பாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "அவங்க நிறுத்துனாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர்கள் நிறுத்தினார்களா இல்லையா என்பது என் கவலை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இனி உன் முறை. நாளைக்குக் காலை கூரியரில் போடுகிறேன், கூடவே பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போனிலும் அனுப்புவேன். கிடைக்கவில்லை என்று சொல்ல உனக்கு இடம் வைக்கப் போவதில்லை. சனிக்கிழமை வந்து அவளைப் பார். ஓட்டல், சினிமா என்று கூட்டிக்கொண்டு போய்ப் பேச்சை மாற்றாதே. ஒரு இடத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கேள். அவள் சொல்வது உனக்குப் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல், சண்டை போடு, அதில் தப்பே இல்லை. நீங்கள் இருவரும் முடிவு செய்வது எதுவானாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானும் அப்பாவும் கனகம்மாசத்திரத்துக்குப் போகிறோம். பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருப்போம். அங்கே வந்து நின்று, இரண்டு பேரிடமும் சரி என்று சொன்னது உன் கோழைத்தனம் என்று முதலில் சொல். அப்பா கத்துவார், அவள் நைனாவும் கத்துவார். நீ தலையைக் குனிந்துகொண்டு நில், ஆனால் அங்கிருந்து நகராதே. அதற்குப் பிறகு உங்கள் முடிவைச் சொல்.

நீ வரவில்லையென்றால் லாவண்யா தன் நைனாவிடம் தனியாகப் போராட வேண்டியதில்லை, அந்த வேலையை நான் செய்வேன். அன்று என் மேசைக்கு முன்னால் அழுத மனிதரிடம் சொல்ல வேண்டியதை நான் விழுங்கிவிட்டேன், இன்னொரு தடவை விழுங்க மாட்டேன். அந்தக் கூடத்தில் எல்லோர் எதிரிலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, என் பிள்ளை உனக்கு வேண்டாம், அவனுக்கு இன்னும் உன்னோடு நிற்கத் தெரியவில்லை" என்று நானே சொல்வேன். உன்னைத் தூக்கி வளர்த்த கை இது, எட்வின். ஆனாலும் அவள் கையை விட மாட்டேன்.